பைக்கும் கட்டிலும் ஒரே லாரியில் போக வேண்டுமா? ஊர் மாறுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து புனேவுக்கு வேலை மாறியபோது, மொத்தச் சாமானையும் ஒரு லாரியில் ஏற்றிவிட்டால் தலைவலி தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு படுக்கையறை வீட்டுச் சாமான், ஒரு 150 சிசி பைக். முதல் ஆள் 24,000 ரூபாய் என்றார், இரண்டாமவர் 31,000, மூன்றாமவர் 42,000. மூன்று பேரும் பார்த்தது ஒரே வீட்டை.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டியதில் தெரிந்தது இதுதான்: வீட்டுச் சாமான் என்பது ஒரே மூட்டை கிடையாது. பைக்குக்கு ஒரு வழி, தேக்குக் கட்டிலுக்கு ஒரு வழி, பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு ஒரு வழி (அதற்கு உகந்த வழி பெரும்பாலும் பழைய சாமான் கடை). எல்லாவற்றையும் ஒன்றாகப் பேசும்போதுதான் விலையும் குழம்புகிறது, பொறுப்பும் குழம்புகிறது. பிரித்து யோசித்தால் முடிவெடுப்பது எளிது. கீழே சொல்லியிருப்பது சென்னை - புனே வழியை வைத்து, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில்: எது போக வேண்டும்?

லாரிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, வீட்டில் உள்ள பெரிய சாமான்களை மட்டும் எழுதுங்கள். கட்டில், மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, சாப்பாட்டு மேசை, டிவி. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு தொகை: இன்றைக்கு இதை விற்றால் என்ன கிடைக்கும், போகும் ஊரில் இதே தரத்தில் பழையது வாங்கினால் என்ன ஆகும். இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி, அந்தச் சாமானைக் கொண்டுபோக ஆகும் செலவைவிடக் குறைவு என்றால் விற்றுவிடுவதே மேல்.

கொண்டுபோகும் செலவைத் தனித்தனியாக எப்படிக் கணக்கிடுவது? வீட்டுச் சாமானுக்கு லாரிக்காரர்கள் எடையைவிட இடத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒரு மூன்று இருக்கை சோபா, எடை குறைவாக இருந்தாலும், லாரியில் ஒரு பீரோவும் நாலு அட்டைப்பெட்டியும் போகும் இடத்தை அடைத்துக்கொள்ளும். மதிப்பீடு தருகிறவரிடம், "சோபாவும் மேசையும் இல்லாவிட்டால் எவ்வளவு?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். என்னிடம் 24,000 சொன்னவர் உடனே 5,500 குறைத்தார். அந்தச் சோபா மூன்றாயிரத்துக்குக்கூட விலை போகாது.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் செய்த பெரிய தவறு இங்கேதான். அம்மா கொடுத்த தேக்குக் கட்டில் "கனம், பழசு" என்று உறவினரிடம் விட்டுவிட்டு, ஆன்லைனில் வாங்கிய மூன்று கதவு அலமாரியைப் புனேவுக்குக் கொண்டுபோனேன். தேக்கு, வேங்கை, ரோஸ்வுட் போன்ற மரத்தில் தச்சர் செய்த கட்டிலை எத்தனை முறை வேண்டுமானாலும் கழற்றி மாட்டலாம். போல்ட் துளை தேய்ந்தாலும் ஒரு மரச்சில்லு அடித்து மறுபடி துளையிடலாம். பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளும் பசையும் சேர்த்து அழுத்திய பலகை. ஒரு முறை திருகிய இடத்தில் ஸ்க்ரூவைக் கழற்றினால் துளையிலிருந்து தூள் கொட்டும். இரண்டாம் முறை பிடிக்காது. என் அலமாரி புனேயில் மூன்று மாதம் சுவரில் சாய்ந்தபடி நின்றது. கதவு மூட ஒரு ரப்பர் பேண்ட்.

ஆக, பொதுவாக என் கணக்கு இப்படி: கெட்டி மரச்சாமானும் இரும்பு பீரோவும் போகலாம். ப்ளைவுட் என்றால் யோசிக்கலாம். பார்ட்டிகிள் போர்டு, எம்டிஎஃப் (மரநாரை அழுத்திய பலகை) வகை விற்பனைக்கு. பஞ்சு மெத்தையை அங்கேயே புதிதாக அடித்துக்கொள்ளலாம். நல்ல ஸ்பிரிங் மெத்தை, ஐந்து வருடத்துக்கு உட்பட்டது என்றால் எடுத்துப்போங்கள். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஏழெட்டு வயதைத் தாண்டியிருந்தால் விட்டுவிடுங்கள்.

சமையல் காஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றக் கூடாது, சாமான் லாரிக்காரர்கள் ஏற்றவும் மாட்டார்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, டெர்மினேஷன் வவுச்சர் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். போகும் ஊரில் இணைப்பு எடுக்க அது வேண்டும். அடுப்பு உங்களுடையது, அது வரலாம்.

பைக்: நாலு வழிகள்

பைக்கை வீட்டுச் சாமானோடு சேர்த்துப் பேசாதீர்கள். தனியாக விலை கேளுங்கள். உங்கள் முன் நாலு வழிகள் இருக்கின்றன.

*ஓட்டிக்கொண்டே போவது.* சிரிக்காதீர்கள், கணக்குப் போட்டால் இது பல நேரம் மலிவு. லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் வண்டிக்கு 1,200 கிலோமீட்டருக்கு 30 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்ச் சொச்சம் என்றால் மூவாயிரத்துச் சில்லறை. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை. பெங்களூரு, சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா என்று பாதை நேராகப் போகிறது. இடையில் ஒரு ராத்திரி, முடிந்தால் இரண்டு, தங்கினால் உடம்புக்கு நல்லது. ஆனால் நெடுந்தூரம் ஓட்டிப் பழகாதவர்கள், அதிலும் வேலையில் சேரும் வாரத்தில், இதை எடுக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கண்டிப்பாக வேண்டாம். சாத்தாராவுக்கும் புனேவுக்கும் நடுவில் கம்பட்கி மலைச்சாலை இருக்கிறது. கோலாப்பூர்ப் பக்கம் பஞ்சகங்கை ஆறு பெருகி 2019-இலும் 2021-இலும் இந்த நெடுஞ்சாலையையே மூட வேண்டியிருந்தது. லாரியில் சாமான் அனுப்புகிறவர்களும் இதை மனத்தில் வையுங்கள்.

*ரயிலில், லக்கேஜாக.* நீங்கள் போகும் அதே ரயிலில், உங்கள் டிக்கெட்டைக் காட்டி, பைக்கை லக்கேஜ் வேனில் ஏற்றுவது. டிக்கெட்டோடு வரும் இலவச எடை வரம்பு பைக்குக்குச் செல்லாது. முழு எடைக்கும் கட்டணம் உண்டு.

*ரயிலில், பார்சலாக.* டிக்கெட் தேவையில்லை, நீங்கள் பயணம் செய்யவும் வேண்டாம். கட்டணம் லக்கேஜைவிடக் குறைவு. இடம் கிடைக்கும் ரயிலில் போகும். அது மறுநாளும் இருக்கலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

*லாரியில்.* பார்சல் சர்வீஸ்காரர்கள் பைக்கைத் தனியாக ஏற்றுகிறார்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள் பைக்குகள் மட்டும் ஏற்றும் கண்டெய்னரில் அனுப்புவார்கள். வீட்டுக்கே வந்து எடுத்து, வீட்டிலேயே இறக்குவார்கள். விலை ரயிலைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம்.

இதில் எதைத் தேர்ந்தெடுப்பது? நான் முதலில் பார்ப்பது ரயில் எங்கே முடிகிறது என்பதைத்தான். சென்னை சென்ட்ரலில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புதுடெல்லியில் முடிகிறது. அங்கே பைக்கை இறக்க நேரம் இருக்கிறது, தவறுவதற்கு வழி குறைவு. புனே அப்படி இல்லை. சென்னையிலிருந்து மும்பை மெயில் போன்ற ரயில்கள் புனே வழியாக மும்பைக்குப் போகின்றன. நடுவில் உள்ள ஸ்டேஷனில் சில நிமிடங்களில் வேனைத் திறந்து, முன்னால் அடுக்கியதை நகர்த்தி, உங்கள் வண்டியை எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் பைக் மும்பைக்குப் போய், மறுபடி திரும்பி வர வேண்டும். என் நண்பர் ஒருவருக்கு இப்படியாகி ஒன்பது நாள் அலைந்தார். பெரிய ஸ்டேஷன் என்பதால் புனேயில் ரயில் கொஞ்சம் நிற்கும். நான் லக்கேஜாகப் போட்டதால் அதே ரயிலிலிருந்து இறங்கி, வேன் பக்கம் ஓடிப்போய் நின்றேன். வண்டி கண்ணெதிரே இறங்கியது. பார்சலாகப் போட்டிருந்தால் இந்த ஓட்டம் முடியாது.

எனவே: ரயில் உங்கள் ஊரில் முடிகிறதா, பார்சலே போதும். ரயில் உங்கள் ஊரைத் தாண்டிப் போகிறதா, லக்கேஜாகப் போட்டு நீங்களும் அதே ரயிலில் போங்கள். நடுவில் ரயில் மாற வேண்டுமா, அல்லது உங்கள் ஸ்டேஷனில் ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்குமா, ரயிலை மறந்துவிட்டு லாரிக்குப் போங்கள். வண்டி விலை உயர்ந்தது, கீறல் விழுந்தால் தூக்கம் வராது என்கிற ரகம் என்றாலும் லாரிதான், அதுவும் பைக்குகள் மட்டும் ஏற்றும் கண்டெய்னர்.

ரயிலில் பைக் ஏற்றும் நாள்

முந்தின நாளே ஒரு நடை பார்சல் ஆபீசுக்குப் போய்விடுங்கள். நீங்கள் நினைத்த ரயிலில் பைக் ஏற்றுகிறார்களா, எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று கவுன்டரில் கேளுங்கள். கையில் இருக்க வேண்டியவை: ஆர்.சி. நகல், இன்ஷூரன்ஸ் நகல், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டை நகல், லக்கேஜ் என்றால் ரயில் டிக்கெட். அசலும் பையில் இருக்கட்டும்.

பெரிய ஸ்டேஷன்களின் பார்சல் ஆபீஸ் வாசலில் பேக்கிங் செய்கிறவர்கள் இருப்பார்கள். வைக்கோல், கோணிச் சாக்கு, சணல் கயிறு, அட்டை என்று கால் மணி நேரத்தில் வண்டியை மூட்டையாக்கிவிடுவார்கள். எனக்குக் கட்டித்தந்த பெரியவர் முதலில் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "சார், வாசனை வந்தாலே உள்ள விட மாட்டாங்க. டியூபைப் புடுங்கி சுத்தமா இறக்குங்க" என்றார். அவர் சொன்னது சரி. பெட்ரோல் டேங்க் காலியாக இருக்க வேண்டும் என்பது ரயில்வே விதி. முந்தின நாள் இரவே ரிசர்வ் வரும்வரை ஓட்டிவிட்டால் மிச்சம் இறக்குவது எளிது. இப்போதைய எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் குழாயைப் பிடுங்கி இறக்குவது கொஞ்சம் வேலை, மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

கட்டுவதற்கு முன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிப் பையில் போடுங்கள். வண்டியைச் சுற்றி எட்டு போட்டோ, கூடவே ஓடோமீட்டர், என்ஜின் எண், சேஸிஸ் எண். இண்டிகேட்டர், ஹெட்லைட், டேங்க் மூன்றுக்கும் இரட்டை அட்டை வைக்கச் சொல்லுங்கள். ரயிலில் அடிபடுவது பெரும்பாலும் இவைதான், கூடவே கிளட்ச், பிரேக் லீவர். ஹேண்டில் லாக் போடாதீர்கள், நியூட்ரலில் விடுங்கள். உருட்ட முடியாத வண்டியை இழுத்துப் போடுவார்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும்.

ஒரு கெட்டி அட்டையில் புறப்படும் ஸ்டேஷன், சேரும் ஸ்டேஷன், உங்கள் பெயர், செல்போன் எண், வண்டி எண் எழுதி இரண்டு பக்கமும் கட்டுங்கள். தமிழில் எழுதினால் நமக்குத்தான் புரியும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், இந்தியும் இருந்தால் நல்லது. பெயின்ட் மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும்.

பார்சல் ஆபீஸ் படிவத்தில் மதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே பலரும் ஏதோ ஒரு சின்னத் தொகையை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். மதிப்பை அறிவித்து அதற்கான சதவீதக் கட்டணம் கட்டாவிட்டால், தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வேயின் பொறுப்பு பார்சலுக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் என்ற அளவோடு முடிந்துவிடும். 140 கிலோ வண்டி பார்சலாகப் போனால் 7,000 ரூபாய். அதை வைத்து ஒரு வண்டியின் முன்சக்கரமும் ஃபோர்க்கும் வாங்கலாம். சதவீதக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. உங்கள் பைக் இன்ஷூரன்ஸ் வெறும் தேர்ட் பார்ட்டியாக இல்லாமல் முழு பாலிசியாக இருந்தால், வண்டி ரயிலிலோ லாரியிலோ கொண்டுபோகப்படும்போது ஆகும் சேதமும் அதில் அடங்கும். பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள், சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் என்று வரிசையாகப் போட்டிருக்கும். கிளெய்ம் செய்தால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதால் சின்னக் கீறலுக்கு இதைத் தொட வேண்டாம். பெரிய அடி என்றால் இது இருக்கிறது. ஊர் மாறும் வாரத்தில் பாலிசி காலாவதி ஆகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு பேக்கிங், கட்டணம், ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. லாரிக்காரர் பைக்குக்கு மட்டும் கேட்டது 6,500.

வண்டிக் காகிதம்

இது சுருக்கம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து படிவம் 28 மூலம் தடையின்மைச் சான்று வேண்டும். ஒரு வருடத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று தெரிந்தால் ஒன்றும் செய்யாதீர்கள். இருக்கப்போகிறோம் என்றால் கிளம்புவதற்கு முன்பே பரிவாகன் என்ற அரசு வாகனத் தளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், பிறகு புனேயிலிருந்து வந்து போவது பெரும் தொல்லை. வண்டிக் கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். புது மாநிலத்தில் சாலை வரி கட்டிய பிறகு, இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம். பொறுமை வேண்டும், நான் பாதியில் விட்டுவிட்டேன். பத்து வருடம் தாண்டிய வண்டி என்றால், இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்து, இங்கேயே விற்றுவிட்டு அங்கே ஒன்று வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

சாமான்: யாரிடம் கொடுப்பது?

பட்டியல் சுருங்கிய பிறகு மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள்.

பத்துப் பதினைந்து அட்டைப்பெட்டியும் ஒரு பீரோவும் மட்டும்தான் என்றால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தேவையே இல்லை. பார்சல் லாரி சர்வீசில் போடலாம். ஒரு குட்டி யானை (டாடா ஏஸ்) பிடித்து அவர்கள் புக்கிங் ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கே கோடவுனில் போய் எடுத்துக்கொண்டால் மிக மலிவு. பேக்கிங் உங்கள் பொறுப்பு.

முழு வீடு என்றால் இரண்டு முறைகள் உண்டு. தனி வண்டி: ஒரு படுக்கையறை வீட்டுக்கு டாடா 407, கொஞ்சம் பெரிய வீட்டுக்கு 14 அடி வண்டி. உங்கள் சாமான் மட்டும், ஏற்றிய வண்டியிலேயே இறங்கும். மூன்று நாளில் வந்துவிடும். பகிர்வு வண்டி: நாலைந்து வீட்டுச் சாமான் ஒரே கண்டெய்னரில். பாதி விலை, ஆனால் நடுவில் கோடவுனில் இறக்கி ஏற்றுவார்கள், பத்து நாள் ஆனாலும் கேட்க முடியாது. சாமான் உடைவது ஓட்டத்தில் குறைவு, இறக்கி ஏற்றுவதில்தான் அதிகம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, கொஞ்சம் தைரியம் வேண்டும். மாதவரம் பக்கம் லாரி புக்கிங் ஆபீஸ்களில் மகாராஷ்டிராவுக்குத் திரும்பும் ரிட்டர்ன் வண்டி கேட்கலாம். காலியாகப் போவதைவிட ஏதாவது கிடைத்தால் போதும் என்று டிரைவர் வருவார். வாடகை நன்றாகக் குறையும். ஆனால் பேக்கிங், ஏற்றுவது, இறக்குவது, ஆள் பிடிப்பது எல்லாம் நீங்கள்தான். கூட்டத்துக்கு நாலு நண்பர்கள் உள்ளவர்கள் செய்யலாம்.

மதிப்பீடு வாங்கும்போது

இணையத்தில் ஒரு இடத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் அரை மணியில் இருபது போன் வரும். அதில் மிகக் குறைந்த விலை சொல்கிறவரை உடனே தள்ளிவிடுங்கள். சாமான் லாரியில் ஏறிய பிறகு "அளவு அதிகமாயிருச்சு, இன்னும் பன்னிரண்டாயிரம் போட்டால்தான் இறக்குவோம்" என்று நிற்கிறவர்கள் இந்த ரகத்திலிருந்துதான் வருகிறார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரோடு ஒரு எழுத்தை மாற்றி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

வீட்டுக்கு வந்து பார்க்காமல், குறைந்தது வீடியோ காலில் அறை அறையாகப் பார்க்காமல் தரும் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். வந்தவரிடம் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு, ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பாருங்கள். அங்கே வரும் பெயரும் பில்லில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "ஐபிஏ அப்ரூவ்டு" என்று விசிட்டிங் கார்டில் போட்டிருந்தால், இந்திய வங்கிகள் சங்கம் (ஐபிஏ) அங்கீகரித்த லாரி நிறுவனங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அட்வான்ஸ் பத்து சதவீதம் போதும், அதையும் நிறுவனக் கணக்குக்கே அனுப்புங்கள். யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு வேண்டாம்.

பிறகு எழுத்தில் கேளுங்கள்: பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, கட்டில் கழற்றி மாட்டுவது, மாடி ஏற்றுவது, ஜிஎஸ்டி, சுங்கம் எல்லாம் இந்தத் தொகையில் அடக்கமா? லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். "ஆக்ட்ராய்" (ஊருக்குள் சாமான் நுழைய மாநகராட்சி வாங்கிய வரி) என்று பில்லில் போட்டால் சிரித்துவிட்டு அதைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். மும்பை மாநகராட்சி வசூலித்துக்கொண்டிருந்ததும் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததோடு போய்விட்டது. இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கும் சீட்டு) போட வேண்டும் என்று தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய சொந்த வீட்டுச் சாமானுக்கு அதிலிருந்து விலக்கு இருக்கிறது.

கேரளத்துக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கேட்கும் "நோக்குகூலி"யை அந்த அரசு 2018 மே 1 முதல் தடை செய்திருக்கிறது. யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "மூணு பர்சென்ட் இன்ஷூரன்ஸ் சார்" என்று பில்லில் சேர்ப்பார்கள். பல நேரம் அது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போகாது. எஃப்ஓவி (ஃபிரெய்ட் ஆன் வேல்யூ) என்று போட்டிருந்தால், உடைந்தால் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று லாரிக்காரர் தரும் வாய்ச்சொல், அவ்வளவுதான். உங்கள் பெயரில், இன்ஷூரன்ஸ் கம்பெனி தந்த சான்றிதழ், வண்டி புறப்படும் முன் உங்கள் செல்போனுக்கு வர வேண்டும். லாரி கவிழ்ந்தால் மட்டும்தானா, ஏற்றி இறக்கும்போது உடைந்தாலும் உண்டா என்றும் கேளுங்கள். முதல் வகையை வாங்கிவிட்டு டிவி கண்ணாடி விரிசலுக்குக் கேட்டால் கிடைக்காது.

மதிப்பை எழுதுவது இங்கேயும் முக்கியம். சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007-இன் கீழ் லாரி நிறுவனத்தின் பொறுப்பு, கூடுதலாகக் கட்டி உயர்ந்த மதிப்பை அறிவிக்காவிட்டால், வாடகையில் பத்து மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது. இருபதாயிரம் வாடகைக்கு இரண்டு லட்சம் என்பது சாதாரண வீட்டுக்குப் போதும். ஆனால் லாரிக்காரரின் படிவத்தில் சாமானின் மதிப்பு ஐயாயிரம் என்று அவர்களே நிரப்பி வைத்திருந்தால் ஐயாயிரம்தான். பேனாவை வாங்கி நீங்களே எழுதுங்கள்.

கட்டும் நாள்

ஃபிரிட்ஜை முந்தின நாளே அணைத்துத் திறந்து வையுங்கள், தண்ணீர் வடியட்டும். லாரியில் நின்றபடிதான் போக வேண்டும். முன்பக்கக் கதவு உள்ள வாஷிங் மெஷினுக்கு டிரம் ஆடாமல் பிடிக்க மூன்று அல்லது நாலு டிரான்சிட் போல்ட் உண்டு. வாங்கியபோது மாட்டிக்கொடுத்த ஆள் கழற்றி உங்கள் கையில் கொடுத்திருப்பார். அது எங்கே என்று இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். கிடைக்காவிட்டால் சர்வீஸ் சென்டரில் வாங்கலாம். இன்வெர்ட்டர் பேட்டரி படுக்கக் கூடாது, ஆசிட் வழியும்.

புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் லோடுமேன் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். கட்டிலின் போல்ட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு, லாரியில் ஏற்றாமல் கையோடு எடுத்துப்போங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, பக்கவாட்டில் எழுதி, அதே எண் வரிசையில் பட்டியல் ஒன்று தயார் செய்து, ஏற்றும் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்குங்கள். வண்டி எண்ணைப் போட்டோ எடுங்கள், டிரைவர் எண்ணையும் வாங்குங்கள். நகை, சான்றிதழ், மருந்து, லேப்டாப் உங்கள் தோளில் வரட்டும்.

மழைக்காலம் என்றால் மெத்தைக்கு பிளாஸ்டிக் உறை இரண்டு சுற்று. "மேலே தார்ப்பாய் போடுவோம்" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

அங்கே இறங்கும்போது

பைக்கை இறக்கியதும் ரயில்வே ரசீதைக் காட்டி எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். ஸ்டேஷனில் சில மணி நேரம்தான் இலவசம், அதற்குப் பிறகு மணிக்கணக்கில் வாடகை ஏறும். சாக்கைப் பிரித்ததும் வண்டி ஓடாது, டேங்க் காலி. பாட்டிலில் பெட்ரோல் தர பல பெட்ரோல் பங்க்குகள் மறுக்கும். எந்த பங்க் பக்கம் என்று முன்பே பார்த்து வைத்து, அதுவரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். முதல் நாள் மெதுவாக ஓட்டுங்கள், பிரேக்கைச் சோதித்துவிட்டு.

புனே போன்ற ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சொசைட்டியின் (குடியிருப்போர் சங்கத்தின்) அனுமதியில்லாமல் லாரியை உள்ளே விட மாட்டார்கள். சாமான் ஏற்றும் லிஃப்ட்டுக்கு நேரம், சில இடங்களில் அதற்கென்று ஒரு கட்டணம். வீட்டு உரிமையாளரிடம் கேட்டு இரண்டு நாள் முன்பே எழுதி வாங்குங்கள். என் லாரி ஞாயிற்றுக்கிழமை வந்து, ஞாயிறு அனுமதி இல்லை என்று, திங்கள் காலை வரை கேட்டுக்கு வெளியே நின்றது. ஒரு நாள் காத்திருப்பு வாடகை என் தலையில்.

இறக்கும்போது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எல்லாம் எண்ணி முடிக்கும் முன் டெலிவரித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உடைந்ததோ குறைந்ததோ இருந்தால் அதே தாளில், அவர்கள் நகலிலும் உங்கள் நகலிலும், எழுதிவிட்டுக் கையெழுத்து. "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம் சார்" என்பார்கள். இன்றைக்கே எழுதுங்கள். அதன் பிறகு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். வழக்குப் போடுவதற்கு முன் இந்த நோட்டீஸ் கட்டாயம். அதுவும் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக வேண்டும். அந்த 180 நாள், சாமான் வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, நீங்கள் கொடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது.